கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்த குழாயடியில் வாத்தியார் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். கழுவிய கைகளை விரித்துப் பிடித்தபடி உள்ளே போவார். மகள் படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் வந்ததும் அதே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கொஞ்ச நேரம் பார்ப்பார், திரும்பிவிடுவார். தொடவே போவதில்லை என்றால் எதற்கு இவ்வளவு சோப்பு என்று சிஸ்டர்கள் முதலில் தங்களுக்குள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

குழந்தை மிகவும் முன்கூட்டியே பிறந்துவிட்டது. மனைவிக்கு ரத்த அழுத்தம் எகிறி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதன் பிறகு சிறுநீரகமும் மக்கர் செய்ததால் அவள் வேறொரு மாடியில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தாள். கீழே மூக்கில் குழாயும் காலில் ஊசியுமாக மகள். நடுவில் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார் வாத்தியார்.

"சார், இன்னிக்காவது கையை உள்ள விடுங்க," என்றாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர். "தடவ வேணாம். ஒரு கை தலையில, ஒரு கை பாதத்துல. சும்மா அணைச்சாப்புல வச்சிருந்தாப் போதும். மூச்சு சீரா இருக்கிறப்ப இந்தச் சாய்வு நாற்காலியில உக்காந்து நெஞ்சுலயே போட்டுக்கலாம்."

"நெஞ்சுலயா?"

"சட்டையைக் கழட்டிட்டு, தோலோட தோலா. அம்மாவால வர முடியலையே. அப்பா செய்யலாம்."

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். மற்ற பெட்டிகளின் அருகில் எல்லாம் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். "அவ எந்திரிச்சு வரட்டும் சிஸ்டர். இதெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் கைவரும். என் கை முரட்டுக் கை," என்று சொல்லிவிட்டு வெளியே நழுவினார்.

வராந்தாவில் காத்திருந்த அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சட்டையைக் கழட்டிட்டு உக்காரணுமா? கோழி அடைகாக்கிற மாதிரியா? போடா. டாக்டருங்க எதுக்கு இருக்காங்க?" என்றவர், சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப ஒட்டிக்காத. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா தாங்க மாட்ட."

கேலியை வாத்தியார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய சொந்தப் பயமே அண்ணன் வாயால் வந்தது போல இருந்தது.

மேலே மனைவி தினமும் கேட்பாள். "தொட்டுப் பாத்தீங்களா?"

"ம்."

"எப்படி இருக்கா?"

"பூ மாதிரி இருக்கா."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருவழியாக ஒரு நாள் அவளைச் சக்கர நாற்காலியில் கீழே அழைத்துப்போக டாக்டர் சம்மதித்தார். பெட்டியின் வட்டத் துளைக்குள் அவள் கையை விட்டாள். விரல் பட்டதுதான் தாமதம், குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டது. கைகள் விலுக்கென்று விரிந்தன. முகம் சுருங்கி வாய் கோணியது. மூக்கு வழியாகத் தொண்டைக்குள் இறங்கியிருந்த குழாயால் அழுகைச் சத்தம்கூட வெளியே வரவில்லை. பெட்டிக்கு மேலே மூச்சையும் துடிப்பையும் காட்டும் கருவி பீப் பீப்பென்று கத்தத் தொடங்கியது. அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் சிஸ்டர்? என்னைக் கண்டு பயப்படுறாளா?"

"உங்களைக் கண்டு இல்லம்மா," என்றாள் சிஸ்டர். "இவளைத் தொடுற கையெல்லாம் ஊசி குத்த, ரத்தம் எடுக்க, பிளாஸ்திரியைப் பிச்சு எடுக்க வர்ற கை. தொட்டாலே வலிக்கும்னு நெனச்சுக்கிறா. முடிஞ்சப்ப நாங்க கொஞ்ச நேரம் கை வச்சிருப்போம். ஆனா இங்க ஒருத்தி இத்தனை குழந்தையைப் பாக்கணும்."

"அதான் இவர் தினமும் தொடுறாரே?"

சிஸ்டர் பெட்டியின் மேல் கிடந்த துணியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள்.

மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தும் தெம்பும் இல்லை. கணவனின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பூ மாதிரின்னு சொன்னீங்க. நானும் நம்பிக்கிட்டு மேல படுத்திருந்தேன். என்னைத் தடுத்தது என் உடம்பு. உங்களை யாரு தடுத்தா?"

அவளை மேலே அழைத்துப் போய்விட்டார்கள். வாத்தியார் பெட்டியருகில் அப்படியே நின்றார். பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். "சிஸ்டர், அந்த நாற்காலி... நான் இப்ப உக்காரலாமா?"

டாக்டர் பார்த்துத் தலையாட்டிய பிறகு, சிஸ்டர் திரையை இழுத்து மறைத்தாள். வாத்தியார் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சிஸ்டர் குழாயும் ஒயருமாகக் குழந்தையைத் தூக்கி அவருடைய நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, மேலே துணியால் போர்த்தினாள். கனமே இல்லை. குழந்தை விறைத்தது. கருவி கத்தியது. "எடுத்துடுங்க சிஸ்டர், எடுத்துடுங்க," என்று கெஞ்சினார்.

"அசையாம இருங்க. கொஞ்சம் நேரம் குடுங்க. மெதுவா ஏதாவது பேசுங்க."

என்ன பேசுவது? தாலாட்டு எதுவும் தெரியாது. முதல்முறை வண்டியில் உட்கார்ந்து வியர்த்துப்போகிறவர்களிடம் சொல்வதுதான் வாயில் வந்தது. "பயப்படாத. நான் பக்கத்துல இருக்கேன். மெதுவாப் போ, அவசரமே இல்ல. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான். நீ உன் ரோட்டைப் பாரு."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் முதுகு தளர்ந்தது. இறுகியிருந்த முஷ்டி அவர் மார்பின் மேல் விரிந்தது. கருவி அடங்கியது.

அன்றிலிருந்து தினமும் போனார். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. குழந்தைக்கு நடுவில் கிருமி தொற்றியது. ஒரு முறை அவர் நெஞ்சில் இருக்கும்போதே மூச்சு நின்றது. சிஸ்டர் ஓடி வந்து பாதத்தைத் தேய்த்து மீட்டாள். வாத்தியார் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். மனைவி தன் உடம்போடு ஒட்டி வைத்திருந்த துணியைக் கொடுத்தனுப்புவாள், அம்மாவின் வாசனை தெரியட்டும் என்று சிஸ்டர் அதைக் குழந்தையின் பக்கத்தில் வைப்பாள். ஆனாலும் மனைவி அவரிடம் முன்போலப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

உடம்பு தேறிய மனைவியையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னார். "சத்தத்துக்குத் திரும்புறது கொஞ்சம் மந்தமா இருக்கு. காதையும் வளர்ச்சியையும் தொடர்ந்து பாத்துக்கிட்டே வரணும்."

"நான் முதல்லயே தொட்டிருந்தா, பேசியிருந்தா, இது வந்திருக்காதா டாக்டர்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. ரொம்பக் குறைமாசம். ஆனா அம்மா அப்பாவோட கை, குரல், வாசனை இதெல்லாமும் மருந்துதான். எவ்வளவு சீக்கிரம் கிடைக்குதோ அவ்வளவு நல்லது."

அந்தப் பதில் அவரை விடுவிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை.

வாசலில் அண்ணன் காரோடு காத்திருந்தார். "அப்பாடா! இனிமே அவகிட்டக் குடுத்துட்டு வேலையைப் பாருடா. நீ பொம்பளை மாதிரி அவளுக்கு உதவி பண்ணினது போதும்."

வாத்தியார் குழந்தையின் தலையைத் தாங்கியிருந்த கையை எடுக்கவில்லை.

"உதவி பண்ண நான் யாரோ எவரோ இல்லண்ணே, இவளோட அப்பன். குழந்தையைத் தூக்குறது பொம்பளை வேலைன்னு வெக்கப்பட்டும், செத்துடுமோன்னு பயந்தும் நான் ஒதுங்கி நின்னேன். அத்தனை நாளும் வலி குடுக்கிற கையை மட்டும்தான் இவ பாத்திருக்கா. அந்த நாளை நான் எங்க போய்த் திருப்பி வாங்கறது? அம்மா கை வந்து சேர முடியலைன்னா அப்பன் கை அங்க இருக்கணும். அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

அண்ணன் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த மனைவி, இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.