குடிநீர் ஆபீஸின் இடது கால்

பார்லர் அக்காவின் இடது கால் அவளுக்குச் சொந்தமில்லை என்பது குடிநீர் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

நாள் முழுக்க நின்றபடி ஊரார் தலையை வெட்டிச் சீவியதில், அவள் முழங்காலுக்குக் கீழே நீலமும் சிவப்புமாக மெல்லிய நரம்புகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. சாயந்திரமானால் கால் கனக்கும், எரியும். அவள் புருஷன் குடிநீர் ஆபீஸில் பைப் மேஸ்திரி. பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடத்தை ஆபீஸ் கரையான் எப்போதோ தின்று ஏப்பம் விட்டிருந்தது. ஒருநாள் மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டே மனைவி நீட்டியிருந்த காலைப் பார்த்தார். கடைத்தெரு முக்கில் குழாய் எப்படிப் பிரியுமோ, அப்படியே ஒரு நரம்பு பிரிந்திருந்தது. மறுநாள் அந்தக் காலையே நம்பி அடுத்த தெருவில் தோண்டினார். குழாய் இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த காக்கையும் உட்கார்ந்தது, அடுத்த பழமும் விழுந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனி. எங்கே குழாய் உடைந்தாலும் பார்லருக்கு வீடியோ கால் வரும். பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு, அக்கா காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்க வேண்டும்.

“கொஞ்சம் திருப்பும்மா. ஆங், பள்ளிக்கூடம் தெரியுது,” என்பார் மேஸ்திரி.

பின்னாலிருந்து இன்ஜினியர் குரல் வரும். “மேடத்தை ஆடாம இருக்கச் சொல்லுய்யா!”

ஒருநாள் அக்கா சொன்னாள்: “இந்த நரம்புக்கு நான் ஊசி போட்டுக்கப் போறேன்.”

மேஸ்திரிக்குப் புரையேறியது. “ஊரே இந்தக் காலை நம்பித்தானம்மா நிக்குது!”

“ஊர் என் கால்ல நிக்குது. நான் எதுல நிக்கறது?”

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரியும் வந்தார், கூடவே இன்ஜினியரும் ஒட்டிக்கொண்டார். டாக்டர் அவர்களைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தே பேசினார்.

“ரொம்ப மெல்லிசான ஊசி. மருந்து உள்ள போனதும் அந்த நரம்பு ஒட்டிக்கிட்டு மூடிடும், ரத்தம் வேற நல்ல வழியாப் போயிடும். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், கொஞ்சம் எரியும். அப்புறம் இறுக்கமான காலுறை போட்டுக்கிட்டு தினமும் நடக்கணும். முதல்ல கன்னிப்போய், இப்ப இருக்கறதைவிட மோசமாத்தான் தெரியும், பயப்படாதீங்க. வாரக்கணக்குல மெல்ல மங்கும். ஒரே தடவையில எல்லாம் போகாது, திரும்ப வரணும்.”

“முதல்ல எந்தப் பக்கம் டாக்டர்?” என்றார் இன்ஜினியர்.

“கணுக்கால்.”

“ஐயோ, பஸ் ஸ்டாண்டு!”

மேஸ்திரி பவ்யமாகக் கேட்டார். “புதுசா நரம்பு வருமா டாக்டர்?”

“வரலாம். இது இருக்கறதை மூடும். இனி வராதுன்னு என்னால சொல்ல முடியாது.”

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. “புது காலனிக்கு லைன் போடறோம். முழங்காலுக்கு மேல வந்தா சௌகரியமா இருக்கும்.”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இத்தனை வருஷத்துல ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சிருக்கக் கூடாதா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த யோசனை இருவரில் யாருக்குமே வந்ததில்லை. “கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு ஏன் அலையணும்னு...” என்று இழுத்தார் மேஸ்திரி.

“வெண்ணெய்க்கு வலிக்குது,” என்றாள் அக்கா.

இன்ஜினியர் பேப்பருக்காகச் சட்டைப்பையைத் தடவுவதற்குள் டாக்டர் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

எல்லாம் டாக்டர் சொன்னபடியே நடந்தது. கடித்தது, எரிந்தது, கன்னியது. அக்கா காலுறை போட்டுக்கொண்டு நடந்தாள். மேஸ்திரி தினமும் காலைப் பார்த்து, “இன்னிக்கு மார்க்கெட் போச்சு,” என்று பெருமூச்சு விட்டார். இன்னொரு தடவை ஊசி போட்டபின் கால் மெல்லத் தெளிந்தது. சாயந்திரக் கனமும் குறைந்தது. அக்காவுக்கு அத்தனை சந்தோஷம்.

ஒருநாள் காலையில், அவர்கள் தெருவிலேயே பெரிய குழாய் வெடித்தது. கண்ட இடத்தில் தோண்டி நாக்குத் தள்ளிப்போன இன்ஜினியர் போன் செய்தார். மேஸ்திரி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மனைவி முன்னால் மண்டியிட்டார். காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். திடீரென்று கத்தினார்.

“சார், ஒண்ணு பாக்கி இருக்கு! முன்னெலும்பு மேல, வெள்ளையா, குறுக்கால! எந்த லைனுன்னு தெரியல சார், இத்தனை நாள் கண்ணுலயே படல!”

“அது லைன் இல்ல,” என்றாள் அக்கா. “கல்யாணமான புதுசுல உங்க கையிலருந்து கடப்பாரை நழுவி விழுந்த இடம். தையல் போட்டாங்க. நீங்கதான் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்க.”

மேஸ்திரி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“எந்தத் தெருய்யா? மெஷின் நிக்குது, தோண்டலாமா?” என்று போன் அலறியது.

“தோண்டாதீங்க சார்,” என்று போனை அணைத்தார். தழும்பின்மேல் விரலை வைத்தார். “இப்பவும் வலிக்குதா?”

“அது எப்பவோ ஆறிடுச்சு.” அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இத்தனை வருஷம் வலிச்சது அந்த நரம்பு. ஒருநாளாவது கேட்டீங்களா?”

தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி எழுந்திருக்கவில்லை.

“இப்பக் கேக்கறேன். சொல்லு,” என்றார்.

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.