ஆளுக்குப் பதினைந்து காய்

குழந்தை எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் இருவரும் அங்கேயே கதியென்று கிடக்க, அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் மிஞ்சியது சம்பந்தியம்மாக்கள் இருவர்தான். பெண்ணைப் பெற்றவள் தையல்காரி. பிள்ளையைப் பெற்றவள் தபால் ஆபீசில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துப்போட்டு ஓய்வு பெற்றவள். பெற்றவர்களைத் தவிர வேறு யாரையும் குழந்தையிடம் விடவில்லை. அதனால் இருவருக்கும் சமைப்பது, டிபன் கேரியரைக் கொடுத்தனுப்புவது, போன் வருமா என்று பார்ப்பது தவிர வேலை இல்லை.

தையல்காரி மாட்டிவைத்த கரண்டி மறுநாள் வேறு ஆணியில் தொங்கும். சர்க்கரை டப்பா மேல்தட்டுக்குப் போயிருக்கும். தபால் ஆபீஸ் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது எடுத்து அடுக்கிக்கொண்டே இருப்பாள். என் சமையல்தான் பிடிக்கவில்லை, நேரே சொல்லாமல் இப்படிக் காட்டுகிறாள் என்று தையல்காரி உள்ளுக்குள் புகைந்தாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு நடந்தால்தானே சண்டை நடக்க.

ஒன்பதாம் நாள், மாப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தையல்காரி ஊசி தேடியபோது அலமாரியில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. தையல் பெட்டி என்று நினைத்துத் திறந்தால், உள்ளே வரிசையாக முக்கோணங்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள், இரண்டு பகடை, நாலாய் மடித்த ஒரு தாள். பேக்கேமன் என்று போட்டிருந்தது. தாளைச் சம்பந்தியம்மா வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விலாசம் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஆளுக்குப் பதினைந்து காய். முக்கோணம் இருபத்து நாலு. இரண்டு பகடையில் விழுவதை இரண்டு காய்க்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரே காயையும் நகர்த்தலாம். இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் நாலு தடவை.

காய்களைப் படத்தில் உள்ளபடி அடுக்கி ஆடத் தொடங்கினார்கள். இரண்டு நாள் ஆடியும் ஆட்டத்தில் உப்புச்சப்பே இல்லை. இவள் காய் முன்னால் போகும், அவள் காய் பின்னால் வரும். மூன்றாம் நாள்தான் சம்பந்தியம்மா படத்தில் இருந்த அம்புக்குறிகளைக் கவனித்தாள்.

"நாம ஒரே பக்கமா போயிட்டிருக்கோம். எதிரெதிரா போகணுமாம்."

"அது நமக்குப் புதுசா என்ன?" என்றாள் தையல்காரி.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தையல்காரிக்கும் அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. இரண்டு காய் சேர்ந்து நின்றால் எதிராளி அங்கே கால் வைக்க முடியாது. தனியாக நிற்கும் காயை அடிக்கலாம். அடிபட்ட காய் பலகையின் நடுக்கட்டையில் உட்காரும். அது எதிராளியின் வீடான கடைசி ஆறு முக்கோணங்கள் வழியாக மறுபடி உள்ளே வந்தால்தான் மற்றக் காய்களை அசைக்கலாம்.

ஒரு மத்தியானம் தையல்காரிக்கு ஐந்தும் மூன்றும் விழுந்தன. எதை எடுத்தாலும் ஜோடி பிரிந்து ஒரு காய் தனியாக மாட்டும். இந்தத் தடவை நான் நகர்த்தவில்லை என்றாள். அப்படியெல்லாம் விட முடியாது என்றாள் சம்பந்தியம்மா. தாளில் அந்த இடம் மடிப்பில் தேய்ந்து எழுத்தே இல்லை. பேச்சு தடித்தது. கடைசியில் சம்பந்தியம்மா போனை எடுத்து மகனுக்கே போட்டாள்.

அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டதும் அவன் பதறிவிட்டான். என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டான். அம்மா நியாயத்தைச் சொல்ல, பக்கத்திலிருந்து தையல்காரி தன் நியாயத்தைச் சொல்ல, அவன் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டையும் கேட்டான்.

"வழி இருந்தா நகர்த்தித்தான் ஆகணும் அத்தை," என்றான்.

அவன் பின்னால் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிரசவத்துக்குப் பிறகு தையல்காரி அதைக் கேட்கவே இல்லை. போனை வைத்த பிறகும் காது அதிலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் காயை நகர்த்தினாள். சம்பந்தியம்மா பகடையை உருட்டினாள். சரியான எண் விழுந்தது. யோசிக்காமல் அந்தத் தனிக்காயை அடித்து நடுக்கட்டையில் ஏற்றினாள்.

"பாவம்னு விட்டிருக்கலாமே," என்றாள் தையல்காரி.

"விட்டா உங்களுக்கு இன்னும் கோவம் வந்திருக்கும்."

உண்மைதான். தையல்காரி பகடையைக் கையில் எடுத்தாள். உருட்டுவதற்குள் சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"எனக்கு ராத்திரியெல்லாம் பயமா இருக்கு சம்பந்தி. சும்மா உக்காந்தா போட்டோல பார்த்த குழந்தை மூஞ்சிதான் வருது. அதான் எதையாவது எடுத்து அடுக்கிட்டே இருக்கேன்."

இத்தனை நாள் மனசுக்குள் இவளைப் பேசிய பேச்சையெல்லாம் நினைத்துத் தையல்காரிக்கு முகம் சுட்டது. எனக்கும்தான் பயம் என்று மட்டும் சொன்னாள். பிறகு இருவரும் ஆட்டத்தை முடித்தார்கள். யார் ஜெயித்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

இருபத்தேழாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. துண்டு, பால்புட்டி, மருந்து என்று எல்லாவற்றுக்கும் மேஜை வேண்டும் என்றாள் மகள். மேஜையில் பாதி ஆட்டம் நின்றிருந்தது. தையல்காரி பலகையை ஒரு பக்கம் பிடிக்க, சம்பந்தியம்மா மறுபக்கம் பிடிக்க, ஒரு காயும் நகராமல் மெதுவாகத் தூக்கிக் கொண்டுபோய் பிரிட்ஜ் மேல் வைத்தார்கள். இப்போ யார் முறை என்று மாப்பிள்ளை கேட்டான். இருவரும் ஒரே நேரத்தில் "என் முறைதான்" என்றார்கள்.