ஆவி அடித்த நேரம்

இரண்டு மணி நேரம்தான் ஆகிறது என்றார் அண்ணன். அவருடைய சலவைக்கடையில் வெந்நீர்த் தொட்டியின் மூடி கழன்று, கொதிநீரும் ஆவியுமாகத் தம்பியின் வயிறு, தொடை, இடது கை எல்லாவற்றையும் அடித்து இரண்டு மணி நேரம். "பன்னெண்டு இருக்கும்" என்று அழுத்திச் சொன்னார். தீக்காயப் பிரிவு நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

காயத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பற்பசை சுண்ணாம்பு போலக் காய்ந்து வெடித்திருந்தது. உப்புநீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள்.

"யாரு இவ்வளவு பேஸ்ட்டைப் பூசினது? இருபது நிமிஷம் பைப் தண்ணியில காட்டியிருந்தாலே போதுமே."

"அண்ணன்தான் சிஸ்டர்." வலி ஊசியின் மயக்கத்திலும் தம்பிக்கு வாய் அடங்கவில்லை. "பல்லு விளக்க இத்தனூண்டு எடுத்தாலே திட்டுவாரு. இன்னைக்கு என்னமோ தாராளம்."

"சும்மா இருடா."

கட்டிலோரம் நின்ற தம்பி மனைவி சிரிக்கவில்லை. ஒரு மணிக்குத்தான் அவளுக்குப் போன் வந்தது. வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு நேரே வந்திருந்தாள். கணவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இதயம் பலவீனம் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

இடது கை விரல்கள் ஊதிப்போய், மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு மணி நேரத்து வீக்கமாக நர்ஸுக்குத் தோன்றவில்லை.

"இதை வெட்டித்தான் எடுக்கணும். இல்லன்னா விரலுக்கு ரத்தம் போகாது."

"எனக்கு ஓகே சிஸ்டர். இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டு" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது.

சிறுநீர்க் குழாயில் பாலில்லாத டீயின் நிறத்தில் கொஞ்சம் இறங்கியது. மணிக்கு முப்பது மில்லியாவது வர வேண்டும். அரை மணி கழித்துப் பார்த்தாள். ஐந்து.

அறுவை அரங்கிலிருந்த டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்குப் பட்டது? சரியாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வெந்த உடம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை நரம்பு வழியே ஈடுகட்டவேண்டும். கணக்குப் போட்ட அளவில் பாதியை எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அந்த எட்டு மணி காயம் பட்டதிலிருந்து ஓடும், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து அல்ல.

தம்பி ஊசி மயக்கத்தில் தூங்கிப்போயிருந்தான். அவன் மனைவியைப் பஞ்சு வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். வார்டில் பஞ்சு நிறையவே இருந்தது.

"அண்ணே, நான் போலீஸ் இல்ல. யாரு மேல தப்புன்னும் கேக்கல. மணி மட்டும் சொல்லுங்க."

"அதான் சொன்னேனேம்மா, பன்னெண்டுன்னு."

"பன்னெண்டுன்னா இப்ப டிரிப்ஸ் போற வேகத்தோட கொஞ்சம் கூட்டினாப் போதும். அதுக்கு ரொம்ப முன்னாடின்னா இது பத்தவே பத்தாது, கிட்னி நின்னுடும். தெரியாம அள்ளி ஊத்தினா, அந்த இதயம் தாங்காது, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். குத்துமதிப்பாச் செய்யற வேலை இல்லண்ணே."

அண்ணன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அதை நான்காக மடித்தார், ஓரம் பிசகாமல். பிரித்தார். மறுபடி மடித்தார். நர்ஸ் கதவைப் பார்த்தாள். பஞ்சுக்குப் போனவள் திரும்பி வருவதற்குள் இவர் வாயைத் திறந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

அதற்குள் அவள் வந்துவிட்டாள், பஞ்சுச் சுருளை நெஞ்சோடு அணைத்தபடி.

"வரும்போதே காதுல விழுந்துது, கிட்னின்னு என்னமோ சொன்னீங்களே சிஸ்டர்?"

இவள் எதிரில் அந்த மனிதரை இன்னொரு தரம் கேட்பதா? கேட்காவிட்டால் சிறுநீர்ப் பைக்குள் இறங்கும் அந்தச் சொட்டும் நின்றுவிடும். "பட்ட நேரம் சரியாத் தெரிஞ்சாகணும்" என்று மட்டும் சொன்னாள்.

"பன்னெண்டுதானே? மாமா, ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

அண்ணன் நர்ஸைப் பார்க்கவில்லை. தம்பி மனைவியைத்தான் பார்த்தார்.

"ஏழு மணிம்மா. காலையில ஏழு. ஓட்டல் விரிப்பெல்லாம் போயாகணும்னு நான்தான் பேஸ்ட்டைப் பூசி அவனைக் கடையிலேயே உட்கார வெச்சுட்டேன்."