முழுத்திரைக்குப் பின்னால்

"மறுபடியும் சுருங்கிப்போச்சே கண்ணு. வர்ற ஆளு முன்னாடி இப்படிச் சுருங்குனா நான் என்னத்தை விக்கறது?"

"நான் ஒண்ணும் தொடலீங்க. அதுவா முழுத்திரைய விட்டு வெளிய வருதுங்க."

"துணியைத் தொவைச்சாத்தான் சுருங்கும். உங்க படம் சும்மாவே சுருங்குது."

திருமூர்த்தி தானே சொல்லித் தானே சிரித்தார். அருள்புரத்தில் அந்தப் பனியன் கம்பெனியும், காம்பவுண்டின் பின்கோடியில் இருக்கும் சாயப்பட்டறையும் அவருடையவை. வினிதா அவரிடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வீட்டில் கேம் எஞ்சின் என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு குட்டிக் குட்டி விளையாட்டுகள் செய்கிறவள் என்பது தெரிந்ததும், டி-ஷர்ட்டைத் திரையில் சுழற்றி, நிறம் மாற்றி, பின்னலின் கண்ணி வரை நெருங்கிப் பார்க்கிற மாதிரி ஒன்று கேட்டார். டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்கும் பையர் பதினொரு மணிக்கு வருகிறார்.

மூன்று நாளாகத் திரை அவளைப் படுத்தியெடுத்தது. லேப்டாப்பில் ஒழுங்காக நின்ற சட்டை, ஆபீஸின் பெரிய டி.வி.யில் இடது மூலையில் ஒண்டிக்கொண்டது. மீதி இடமெல்லாம் கறுப்பு. அந்த டி.வி.யோடு இணைத்திருந்த, எழுத்துகளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர், எஞ்சினிடம் திரையின் அளவைக் குறைத்துச் சொல்லியிருந்தது. நேற்று அதைச் சரிசெய்தாள். இன்று புது வியாதி. வாட்ஸ்அப்பில் யாரோ ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினால் போதும், கவனம் அந்தப் பக்கம் போய் முழுத்திரை பொத்தென்று விழுந்துவிடுகிறது.

இன்டர்காம் அடித்தது. சாயப்பட்டறையிலிருந்து அவள் அண்ணன் வேல்குமார்.

"ஏம்புள்ள, மேல படம் ஓட்டறியாமா? எனக்கொரு வேசம் கெடையாதா?"

"நீதான் வில்லன்."

"அது போதும். நாலாம் நம்பர்ல பாலியஸ்டர் லோடு. பதினொன்னேகாலுக்கு ஆறிரும். போன் வரலைன்னா மூடியத் தொறந்துக்கறேன்."

"சரிண்ணா."

ஒரு வாரமாக அதுதான் வழக்கம். நாலாம் நம்பர் மெஷினின் சொந்தத் திரை எரிந்துபோயிருந்தது. மூடியின் பூட்டு அடிக்கடி இறுகிக்கொள்கிறது என்று அதையும் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே சூடும் அழுத்தமும் இறங்கவில்லை என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிவப்புக் கட்டம் எழும்பும். அப்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் ஆள்மேல் பீறிடும். பார்த்தவர் போன் செய்ய வேண்டும். போன் வராவிட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

வினிதா மறுபடி வேலையில் மூழ்கினாள். ஒவ்வொரு செய்தியாக நிறுத்திக்கொண்டிருக்க நேரமில்லை. எது முன்னால் வந்தாலும் அந்தக் கணமே கவனத்தைத் திரும்பப் பிடுங்கு, எல்லாவற்றுக்கும் மேலே நில் என்று நான்கு வரி எழுதினாள். டிங் டிங் சத்தத்தையும் அடைத்தாள். படம் பாறை மாதிரி நின்றது.

"இதுதான் கண்ணு வேணும்," என்றார் திருமூர்த்தி.

பையர் வந்தார். விளக்குகளை அணைத்தார்கள். நீலச் சட்டை இருட்டில் மெல்லத் திரும்பியது. வினிதா நெருங்கிக்கொண்டே போனாள். கண்ணிகள் வளையங்களாகி, வளையங்கள் ஆளில்லாத ஓர் ஊரின் வளைவுகளாகி விரிந்தன. அந்தத் தெருக்களில் நடந்துவிடலாம் போலிருந்தது. நடுவில் ஒருமுறை திரை இமைத்தது. நீலத்துக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்து மறைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொருமுறை. நிறத்தைக் கலக்கும் இடத்தில் பிழை, நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பையர் ஏதோ கேட்க, திருமூர்த்தி பதில் சொல்லத் தொடங்கினார். அந்த இடைவெளியில் பக்கத்திலிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். எஞ்சின் தன் குறிப்புகளை அதில் எழுதிக்கொண்டே வரும். 11.04: கவனம் போனது, மீட்கப்பட்டது. 11.06: போனது, மீட்கப்பட்டது. 11.08. 11.10. 11.12.

ரோஜாப்பூக்கள் இப்படி மணி பார்த்து வராது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழும்புவது எது என்று அவளுக்குத் தெரியும். கீபோர்டை இழுத்து, சட்டைக்குப் பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவர ஆல்ட்-டேப் அமுக்கினாள். சிவப்புக் கட்டம், அதில் 118 டிகிரி என்ற எண், ஒரு கணம்தான். அவள் எழுதிய நான்கு வரி விழித்துக்கொண்டு நீலச் சட்டையை இழுத்து மூடியது. மறுபடி அமுக்கினாள். மறுபடி நீலம்.

"என்ன கண்ணு பண்றீங்க?" திருமூர்த்தியின் குரலில் சிரிப்பு இல்லை.

அவள் இன்டர்காமை எடுத்தாள். மணி 11.14. பின்கோடிக்கு ஓடினால் ஐந்து நிமிடம் ஆகும்.

நீண்ட நேரம் அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். பீகாரிலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவரின் குரல். பின்னால் பம்புகளின் இரைச்சல்.

"வேல்குமார் எங்கீங்க?"

"வேல் பாய்? மேலே. நாலு நம்பர்."

"மூடியத் தொறக்க வேண்டாம்னு சொல்லுங்க!"

"ஹான்? சத்தம் ஜாஸ்தி. ருக்கோ, ருக்கோ, இருங்க."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் ஓசை கேட்டது. செருப்புச் சத்தம் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியவில்லை. இரும்பு ஏணியில் யாரோ ஏறுவது மட்டும், இரைச்சலுக்கு நடுவே, ஒவ்வொரு படியாகக் கேட்டது. டி.வி.யில் நீலச் சட்டை நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

"அண்ணா," என்று அங்கே மேஜையில் கிடந்த அந்த ரிசீவரில் கேட்கும்படி கத்தினாள். "தொறக்காதண்ணா. யாராச்சும் போனை எடுங்க, எங்கண்ணனைக் கீழ எறங்கச் சொல்லுங்க!"