நிரவிவிட்ட பள்ளம்

மண் அரிப்புத் தடுப்பு அலுவலகத்தின் வரைபடக்காரிக்கு வாயும் நீளம், கையும் வேகம். ஏழு மலைச்சரிவுகளைக் கம்ப்யூட்டரில் மேப்பாக்கி, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடும், தடுப்புக் கால்வாயை எங்கே வெட்டலாம் என்று சிவப்புக் கோடு இழுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஏழிலும் வெட்டு வேலை நடக்கிறது; முதல் சரிவில் மண் தோண்டும் மிஷின் ஓட்டுவது அவளுடைய சொந்த அண்ணன். "நோகாம கோடு போடுறது நீ, குலுங்கிக் குலுங்கி இடுப்பு ஒடியுறது நானு" என்று காலையில்கூடக் கிண்டலடித்துவிட்டுத்தான் போனான்.

மதியம் மழை வலுத்தது. சும்மா இருக்கமாட்டாத கை, மேப்புக்கு மூலமான, செயற்கைக்கோள் எடுத்த பழைய உயர அளவைத் திறந்தது. அண்ணன் வெட்டும் கோட்டை ஒட்டி, அதற்கு மேலே, நீலமாக ஒரு குழி. யாரோ எந்தக் காலத்திலோ கல் வெட்டிவிட்டு அப்படியே போட்டுப்போனது போலிருக்கிறது. நாலு ஆள் ஆழம்.

அவள் மேப்பில் அது இல்லை. எப்படி இருக்கும்? நீரோட்டத்தைக் கணக்கிடுமுன் 'பள்ளம் நிரவு' என்றொரு பட்டனை அழுத்துவது வழக்கம். அளவில் தவறி விழும் பொய்க் குழிகளை அது தூர்த்துவிடும். மெய்க் குழி எது என்று அதற்கென்ன தெரியும்? பார்த்துப் பிரிக்க வேண்டியவள் இவள். அவசரத்தில் பார்க்கவில்லை. மூன்று நாளாகப் பெய்யும் மழையில் அது நிரம்பித் ததும்பும். அதன் கரையின் அடியைத்தான் அண்ணன் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

நாலாவது தடவைதான் போனை எடுத்தான்.

"அண்ணே, மிஷினை நிறுத்து! மேல பெரிய குழி இருக்கு, பூராத் தண்ணி!"

"அதானா? காலைலேருந்தே கசியுது. சந்தேகப்பட்டு உன் மேப்ப எடுத்துப் பாத்தேன், குழியே இல்ல. என் தங்கச்சி போட்ட கோடாச்சே, தப்பா இருக்குமான்னு வெட்டிட்டேன்."



"தப்புண்ணே. நான் பண்ண தப்பு. இறங்கி ஓடு!"

"எந்தப் பக்கம் ஓட? சுத்தியும் புதரு, ஒண்ணும் தெரியல. மேப்பப் பாத்து நீயே சொல்லு."

இன்னமும் அவளைத்தான் கேட்கிறான். நிரவிய மேப், வலப்பக்கம் பத்திரம் என்றது. பழைய அளவில் குழியின் விளிம்பு வலப்பக்கம்தான் தாழ்ந்திருந்தது; தண்ணீர் உடைத்து வருவதும் அங்கேதான்.

"குழியப் பாத்து நில்லு. இடது கைப் பக்கம் ஓடு! திரும்பிப் பாக்காத!"

ஏதோ முறிந்தது. பிறகு ஒரே இரைச்சல். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று கத்தியதில் அலுவலகமே எழுந்து நின்றது.

"மிஷின் போச்சு பாப்பா" என்றான் கடைசியில், மூச்சு இரைக்க. "நான் இருக்கேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. மற்ற ஆறு சரிவுகளுக்கும் அதே பட்டனைத்தான் அழுத்தியிருந்தாள். இரண்டாவதைத் திறந்தாள். சிவப்புக் கோட்டுக்கு மேலே, நீலமாக ஒரு குழி. அங்கே மிஷினில் உட்கார்ந்திருப்பது யாருடைய அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது. போன் நம்பரும் தெரியாது.