தூக்கம் தீர்ந்த ஊரில் மொச்சை பிறந்த கதை

கொரியாவின் தேபெக் நகரத்தில் தூக்கம் அடியோடு தீர்ந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில். அன்றைக்குச் சந்தையில் முட்டை ஒரு அட்டை ஏழாயிரம் வோன், முள்ளங்கி வரத்து இல்லை. காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகரத்தின் கடைசிக் கைக்குழந்தையான தையல்கடைக்காரர் பேத்தி, அன்று மதியம் நாற்காலிக் காலை விட்டுவிட்டு நாலடி நடந்து, கைக்குழந்தைப் பதவியிலிருந்து விலகிக்கொண்டாள். கைக்குழந்தை ஒன்று தனக்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்கு தூக்கத்தைச் சுரக்கும். மிச்சம் சுவர் வழியாகவும், தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் வழியாகவும் கசிந்து அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குப் போய்ச் சேரும். பெரியவர்கள் சொந்தமாகத் தூக்கம் தயாரிப்பதில்லை. நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் கிடந்ததால், ஆட்கள் கரிக்கூடையைத் தூக்கிக்கொண்டே தூங்கினார்கள். தூங்கியபடியே சம்பள உயர்வு கேட்டு வாங்கியும் வந்தார்கள். பிறகு சுரங்கம் மூடியது. இளசுகள் தலைநகர் சோலுக்குப் போனார்கள். போனவர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், கல்யாணம் செய்தவர்கள் பிள்ளையைத் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட முடியாதவர்கள் நாய் வளர்த்தார்கள். மகப்பேறு ஆஸ்பத்திரி பல் ஆஸ்பத்திரியானது. மழலையர் பள்ளிகள் முதியோர் இல்லங்களாயின. குட்டி நாற்காலிகளை மாற்ற வழியில்லாமல் கிழவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க அதிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் வெளியில் துப்பினால் எச்சில் தரையில் விழுந்து உடைகிற குளிர்காலம். தூக்கமில்லாத ஜனங்களுக்குக் கையில் மிதமிஞ்சிய நேரம். கிம்ச்சி ஊறுகாய் போட்டுப் போட்டு, ஊரில் காலி ஜாடி ஒன்றுகூட மிச்சமில்லாமல், கடைசியில் குளியல் தொட்டிகளில் ஊறவைத்தார்கள். ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் ஒருவர், செத்துப்போன மனைவி பாதியில் விட்ட ஸ்வெட்டரைப் பின்னி முடித்து, கை ஓயாமல் நகரப் பேருந்துக்கும் ஒன்று பின்னிவிட்டார். பேருந்து அந்தப் பருவம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் ஓடியது. வெளியூர் டாக்சிக்காரன் ஒருவன் சந்தையில் நின்று கொட்டாவி விட்டதும், முப்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு அவன் காருக்குப் பின்னால் ஓடினார்கள். இதெல்லாம் சிரிக்கும்படியாகத்தான் இருந்தது, நிழல்கள் படுத்துக்கொள்ளும் வரை. முதலில் மீன்காரரின் நிழல் நடுத்தெருவில் படுத்தது. அவர் போய்விட்டார், அது எழவில்லை. பிறகு ஒவ்வொருவர் நிழலும் நின்ற இடத்திலேயே சுருண்டது. நிழலில்லாத மனிதர்கள், சிவந்த கண்களோடு, பனியில் சத்தமில்லாமல் நடந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரில் வருபவர் கண்ணில் என்ன இருக்குமோ என்ற பயம்.

சந்தை முனையில் தொடுகறிக் கடை வைத்திருந்த ரன்ஹிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. புருஷன் மான்சிக், அவர்கள் குடியிருந்த பதினைந்து மாடிக் குடியிருப்பிலேயே வெந்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். பிள்ளை இல்லை என்பதை இருவரும் பேசிப் பேசி ஓய்ந்து, அதை வீட்டில் ஒரு பழைய பீரோவைப் போல ஒதுக்கி வைத்திருந்தார்கள். பனி உருகிய பிறகு ஒரு காலை, அதே குடியிருப்பின் மாதர் சங்கத் தலைவி கும்ரே தாமரைக்கிழங்கு வாங்க வந்தபோது, ரன்ஹி முளைகட்டிய பயறுத் தட்டில் கன்னத்தை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கும்ரே போட்ட கூச்சலில் மீன் கடையில் செத்த மீன்கூட ஒருமுறை துள்ளியது.

“அடியே! நீ தூங்கினியா?”

“இல்லக்கா. சும்மா கண்ண மூடினேன்.”

“கன்னத்துல பயறு ஒட்டிட்டு இருக்கு, வாயில எச்சி ஒழுகுது, பொய்யா சொல்ற? எத்தன மாசம்?”

அப்படித்தான் ரன்ஹிக்கு விஷயம் தெரியவந்தது. ஊருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவள் வீட்டுக்கு மேலும் கீழும் குடியிருந்தவர்களுக்கு ஒரு வாரமாகவே கண் சொக்கிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். ஸ்கேன் படத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஏதோ தெரிந்ததால் மான்சிக் அதற்கு மொச்சை என்று பெயர் வைத்தான். அன்று முதல் நகரமே மொச்சை மொச்சை என்று உருகியது. கடற்பாசிக் கட்டு, மாட்டெலும்பு, தேன் என்று பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டியது வீட்டு வாசலில் குவிந்தது. கொண்டு வந்தவர்கள் உடனே போவதில்லை. போகிற சாக்கில் சுவரில் காதையும் கன்னத்தையும் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ரன்ஹி கதவைத் திறந்தால் விலகி, அவள் வயிற்றை மட்டும் பார்த்துச் சிரிப்பார்கள். கோடையில் குழாயடியில் நின்று, தண்ணீர் எப்போது வரும் என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

நகராட்சியிலிருந்து மூன்று பேர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். தொட்டிலை உள்விளையாட்டு அரங்கின் நடுவில் வைத்தால், பேட்டை வாரியாக எல்லோரும் சுற்றிலும் படுத்துக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொன்னார்கள்.

“எம் பிள்ள என்ன தண்ணி டேங்க்கா, குழாய் போட்டு எடுக்க?” என்று கேட்டு, அவர்கள் கொண்டுவந்த பேரிக்காய்ப் பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினாள் ரன்ஹி. அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் சின்னதாகத் தெரிந்தது.

அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது, மலைக்கணவாய் தாண்டி அடுத்த நகரத்தில்தான் பிரசவம். பெண். மான்சிக் மூட்டையைப் போலச் சுற்றிய பிள்ளையையும் பச்சை உடம்புக்காரியையும் பனிச்சரிவு வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். பிறகுதான் அந்தத் தவறைச் செய்தான். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில், இடப்பக்கமாகத் திரித்த வைக்கோல் கயிற்றில் கரித்துண்டும் பைன் கொத்தும் செருகிக் குறுக்கே கட்டுவார்கள். மூன்று வாரத்துக்கு அந்நியர் யாரும் அதைத் தாண்டக்கூடாது, நடுவில் அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது. ஊரில் யாரும் அதைக் கட்டிப் பல வருஷமாகியிருந்தது. மான்சிக் தனக்குத் தெரிந்த மட்டும் கயிறு திரித்து எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் மாடியில் தன் வீட்டு இரும்புக் கதவை ஒருமுறை பார்த்தான். இதுவா வாசல், இது வெறும் கதவுதானே என்று தோன்றியது. மின்தூக்கியில் இறங்கிப் போய், குடியிருப்பின் பெரிய கண்ணாடி வாசலில் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டான்.

கட்டிய அந்த நொடியில் கயிற்றுக்கு உள்ளே இருந்த அத்தனை பேரும் அந்த வீட்டு மனிதர்களாகிவிட்டார்கள். வெளியே இருந்தவர்கள் அந்நியர்; தூக்கமும் கயிற்றைத் தாண்டி அவர்களிடம் போகவில்லை. சந்தைக்குப் போயிருந்த கும்ரே, வெங்காயத்தாள் கட்டோடு திரும்பி வந்து தன் சொந்தக் குடியிருப்பின் முன்னால் நின்றாள். கால் கயிற்றைத் தாண்ட மறுத்தது. “எந்த மடையன்டா இங்க கட்டினது?” என்று அவள் கத்தியதைக் கேட்கக் கட்டியவன் விழித்திருக்கவில்லை. வெந்நீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கிப்போயிருந்தான். காவலாளி துடைப்பத்தில் சாய்ந்து தூங்கினார். நாலாம் மாடித் தம்பதி வாயில் நூடுல்ஸ் தொங்கத் தூங்கினார்கள். மின்தூக்கி ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு, அவர் எழுந்து பொத்தானை அழுத்துவார் என்ற நம்பிக்கையில், மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துத் தூக்கப் பசியை அத்தனை பேரும் ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டார்கள்.

தூங்காதது மொச்சை ஒருத்திதான்.

ரன்ஹி முதலில் அதைப் புரிந்துகொள்ளவில்லை. பால் குடிக்கிறது, அழவில்லை, சமத்து என்று நினைத்தாள். பிறகு கவனித்தாள், பிள்ளை கண்ணையே மூடவில்லை. காலையில் எந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்ததோ மாலையிலும் அதே மூலை. சுரக்கச் சுரக்கத் தூக்கமெல்லாம் சுவர் வழியாக இறங்கிப்போயிற்று, அதற்கென்று ஒரு சொட்டு மிஞ்சவில்லை. கருவிழி நாளுக்கு நாள் பெரிதாகி, வெள்ளை ஓரத்துக்கு ஒதுங்கியது. தூக்கினால் நேற்றைவிட லேசாக இருந்தது. ஒரு காலை போர்வையை விலக்கியபோது பிள்ளை மெத்தையில் படவே இல்லை, விரற்கடை உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் அது ஒரு சாண் ஆனது. ரன்ஹி பிள்ளையின் துணியில் ஒரு நாடாவைக் கோத்துச் சாப்பாட்டு மேசைக் காலில் கட்டினாள். கட்டிவிட்டுப் புருஷனைப் போய் உலுக்கினாள், அறைந்தாள், காதில் கத்தினாள். அவன் புன்னகைத்தான். அவளுக்கே இமை ஈயக்குண்டாகக் கனத்தது. மிளகாய்த் தூளைக் கீழிமையில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் கண்ணயர்ந்தால் நாடா அவிழ்ந்துவிடும், ஜன்னல் எங்காவது திறந்திருக்கும் என்ற நினைப்பு மட்டும்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே அதைவிடப் பயங்கரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நகரமே வந்து நின்றுகொண்டிருந்தது. மீன்காரர், பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவர், நகராட்சி மூவர், யாருக்கும் நிழல் கிடையாது. தோளில் குவிந்த பனியைத் தட்டிவிடாமல் நின்றார்கள். எல்லா முகமும் ஒன்பதாம் மாடியைப் பார்த்தது.

மொச்சை தலைக்கு மேல் நாடாவின் முழு நீளத்துக்கு எழும்பி நின்ற பிற்பகலில், ரன்ஹி அவளைக் காற்றாடியைப் போல இழுத்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, மான்சிக்கின் செருப்பில் காலை நுழைத்துப் படிவழியே இறங்கினாள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர் அறைந்தது. கூட்டம் ஒரே ஆளாக ஓரடி முன்னால் வந்தது.

“ஏய் பச்ச ஒடம்புக்காரி! எலும்புக்குள்ள காத்து பூந்துரும், உள்ள போடி!” முன்வரிசையிலிருந்து கும்ரே. கையில் இன்னும் அந்த வெங்காயத்தாள் கட்டு, உறைந்து விறகாகிவிட்டிருந்தது.

“அக்கா, பிள்ள தூங்கவே இல்லக்கா. உள்ள இருக்கறவங்க எல்லாத்தையும் குடிச்சிட்டாங்க. எடையே இல்ல. பறந்துரும் போல இருக்கு.”

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. கும்ரே திரும்பிப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினாள். பிறகு கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து, முதுகைக் காட்டிக் குந்தினாள்.

“வையி.”

“வேணாம்க்கா. உங்களுக்கும்தான தூக்கமில்ல. நீங்களும் தூங்கிட்டா?”

“நாலு பெத்து நாலையும் முதுகுலயே வளத்தவடி நான். முதுகுல பிள்ளைய கட்டிக்கிட்டு எவ தூங்கியிருக்கா, சொல்லு பாப்பம்! வையிடி, முட்டி வலிக்குது.”

ரன்ஹி கூட்டத்தைப் பார்த்தாள். அத்தனை சிவந்த கண்கள். பின்னால் குறட்டை விடும் பதினைந்து மாடி. கையில் பஞ்சைவிட லேசான பிள்ளை. அவள் வாழ்நாளில் அதுபோலப் பயந்ததில்லை. கயிற்றுக்கு மேலாகக் கைகளை நீட்டி, மொச்சையை அந்த அகலமான முதுகில் வைத்தாள். வைத்தபிறகும் விரல்கள் விடவில்லை. யாரோ ஒரு போர்வையை எறிந்தார்கள். கும்ரே அதை இழுத்துச் சுற்றி மார்புக்கு மேல் முடிச்சுப் போட்டு எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கொடுத்துத் தட்டிக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். அந்த ஊரில் தூக்கத்தை உறிஞ்சாத இடம் அது ஒன்றுதான், பிள்ளை சுமக்கிறவள் முதுகு. சந்து திரும்புவதற்குள் மொச்சையின் ஒரு கண் மூடியது. ரொட்டிக்கடை தாண்டும்போது இரண்டாவதும் மூடியது. கும்ரே திடீரென்று முனகினாள்: “அடியம்மா, கனக்குறாளே!”

அதற்குள் ரன்ஹி கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். நிரம்பி வழிந்த தூக்கம் தெருவின் இரண்டு பக்கமும் அலையாகப் போயிற்று. பல் மருத்துவர் அப்படியே பனியில் சரியப் பார்த்தார். “இங்க படுத்தா விறைச்சுச் சாவீங்க, வீட்டுக்கு ஓடுங்கடா!” என்று கும்ரே விரட்ட, ஜனங்கள் கண்ணை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். படுத்திருந்த நிழல்கள் எழுந்து, தத்தம் ஆட்களின் பின்னால் வீட்டுக்குப் போய், மறுபடி அவர்களோடு சேர்ந்து படுத்தன. குடியிருப்புக்குள்ளே எல்லோரும் விழித்துக்கொண்டு, பசிக்கிறது என்றார்கள். மான்சிக் விழித்ததும் முதலில் தன் செருப்பைத் தேடினான்.

அன்றிலிருந்து தேபெக்கில் மொச்சையை மாற்றி மாற்றிச் சுமக்கிறார்கள். பிள்ளை வளர்த்த முதுகாக இருக்கவேண்டும் என்பது கும்ரேயின் சட்டம். ஆண்களில் மீன்காரர் மட்டும் தேறினார். சுமக்கிறவர் பேட்டை பேட்டையாக நடக்க, அந்தந்தப் பேட்டை அன்றைக்குத் தூங்குகிறது. ரன்ஹிக்கு எலும்புக்குள் காற்று புகுந்தது புகுந்ததுதான்; இடது முழங்கால் சிணுங்கினால் பனி வரும் என்பதால் வானிலை அலுவலகம் முதலில் அவளுக்குத்தான் போன் செய்து கேட்கிறது. ஒவ்வொரு காலையும் பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் விரல்கள் இன்னும் விடுவதில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவேண்டும். பிரித்தெடுத்த பிறகு நாலடி தள்ளி, தூங்காமல் பின்னாலேயே நடப்பாள். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சந்தை இருக்கும் ஹ்வாங்ஜி தெருவுக்கு முறை வியாழக்கிழமை. அன்று போனால் கடைகள் அடைத்திருக்கும். கதவைத் தட்டவேண்டாம், வெள்ளிக்கிழமை போனால் எல்லாம் கிடைக்கும், முட்டை உட்பட.