கில்பர்ட் வீட்டில் கிருத்திகா

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பொம்மசந்திராவில் எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் கிருத்திகா, ஒரு திங்கட்கிழமை கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் நான் கதை எழுதுகிறவள் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

"எழுதிக்கோ. ஆனா எங்க அத்தையைக் கெட்டவங்களாக்கக் கூடாது."

"சரி."

"ரொம்ப நல்லவங்களாவும் ஆக்காதே. படிச்சா அவங்களே சிரிப்பாங்க."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஜோசஃபினின் கணினி…'

மழை இல்லையாம். கேட்டுவிட்டேன். நல்ல வெயில்.

அடுத்து: 'மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின்கீழ்…'

இதற்கு மேல் நீங்களும் படிக்கமாட்டீர்கள், நானும் எழுதமாட்டேன். ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜோசஃபின் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி பார்த்து ஓய்வு பெற்றவர். லிங்கராஜபுரத்தில் சொந்த வீடு. கணவர் கில்பர்ட் இறந்து மூன்று வருடமாகிறது. ஒரே மகன் டிரேவர். அவன் காதலித்து மணந்துகொண்டவள்தான் கிருத்திகா, ஆனேக்கல் பெண். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை கிடையாது. மரியாதை இருந்தது, அதுதான் தொல்லை. கிருத்திகா சைவம் என்பதால் ஜோசஃபின் அவளுக்கென்று தனிப் பாத்திரங்கள் வாங்கி வைத்தார். அந்தப் பாத்திரங்களைத் தேய்ப்பது யார் என்பதில் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டார்கள். அதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. லிங்கராஜபுரத்திலிருந்து பொம்மசந்திரா வந்துபோவதற்குள் கிருத்திகாவின் பாதி உயிர் போய்விடும். அதனால் அலுவலகத்துக்குக் கிட்டே, சந்தாபுராவில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் இந்த வாரம் சொல்கிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று டிரேவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். அப்படியே புனேவுக்கு அலுவலக வேலையாகக் கிளம்பியும் போய்விட்டான்.

3

ஜோசஃபினுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. கணினியில்.

(விளையாடாதவர்களுக்காக: அது ஒரு விவசாய ஆட்டம். நிலம் உழலாம், கோழி வளர்க்கலாம், ஊர்க்காரர்களோடு பேசலாம். ஆட்டத்தைச் செய்தவர்கள் தராத எதையாவது ஆடுகிறவர்களே செய்து சேர்த்தால் அதற்கு 'மாட்' என்று பெயர். ஒவ்வொரு மாட்டும் ஒரு ஃபோல்டர். தமிழில் எழுதினால் மாடு நினைவுக்கு வருகிறது. பண்ணைக் கதைதானே, இருக்கட்டும்.)

ஜோசஃபின் நிறைய மாட் சேர்த்திருந்தார். மல்லிகைத் தோட்டம், கோயில் மணி, நாய்க்குட்டி. கில்பர்ட்டும் ஒரு மாட். அப்பா இறந்த வருடம் டிரேவர் செய்துகொடுத்தது. கில்பர்ட்டின் முகமுள்ள ஒருவர் பண்ணைக்கு எதிர்வீட்டில் இருப்பார், சாயங்காலமானால் வேலியோரம் வந்து, "ஜோசி, கேட்டைப் பூட்டினியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

[கில்பர்ட்டைப் பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். இறந்தவருக்கு இடம் கொடுத்தால் கதை அழ ஆரம்பித்துவிடுகிறது. எடுத்துவிட்டேன்.]

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு ஜோசஃபின் கிருத்திகாவின் அறைக்கதவைத் தட்டினார்.

"கிருத்தி, ஃப்ரீயா இருக்கியாம்மா? என் பண்ணை திறக்கவே மாட்டேங்குது. திறந்த உடனே மூடிக்குது. டிரேவரும் போனை எடுக்கல."

கிருத்திகாவின் வேலையே சாஃப்ட்வேரில் தவறு கண்டுபிடிப்பதுதான். போய் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன அத்தை மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையே."

(எங்கள் தொழிலில் தினமும் கேட்கும் பதில் இது. இதை யாராவது சொன்னால், எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.)

4

எந்த மாட் எதனோடு மோதுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாதி மாட்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் கோளாறு வெளியே போன பாதியில். மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் பாதியில். பிறகு அதிலும் பாதி.

"நாய்க்குட்டியை எடுக்காதேம்மா."

"திரும்பப் போட்டுடலாம் அத்தை. இது வெறும் ஃபைல்தான்."

"தெரியும். ஸ்வல்ப மெதுவா எடு."

மல்லிகை போனது, மணி போனது, நாய்க்குட்டியும் போனது. ஆட்டம் ஒவ்வொரு முறையும் திறந்து, உடனே மூடிக்கொண்டது. ஃபோல்டர்கள் குறையக் குறைய ஜோசஃபின் காபி போட்டு வரட்டுமா, ஜூஸ் வேண்டுமா, கண் வலிக்கும் நாளைக்குப் பார்க்கலாமே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டே இரண்டு மிஞ்சின. ஒன்று 'கில்பர்ட்'. அடுத்தது 'கில்பர்ட் - காப்பி'.

"இது என்ன அத்தை?"

"அதை விட்டுடு. சும்மனே ஏதோ…"

அதற்குள் கிருத்திகா திறந்துவிட்டாள்.

5

இங்கே நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியதில் ஜோசஃபின் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராகத் தெரிகிறார். கிருத்திகாவிடம் கேட்டேன்.

"நிஜமாவே அவ்ளோ நல்லவங்களா?"

"யார் சொன்னா? எங்க அம்மா குடுத்த டிபன் பாக்ஸைப் பழசுன்னு பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. என்னைக் கேக்கவே இல்ல. இன்னும் எனக்கு ஆறல."

இதையும் எழுதிவிட்டேன். இப்போது சரியாக இருக்கிறது.

6

ஃபோல்டருக்குள் கிருத்திகாவின் முகம் இருந்தது. கல்யாண ரிசப்ஷன் போட்டோவை வெட்டிச் சின்னதாக்கி, மூக்குத்தியை மட்டும் பெரிதாக வரைந்திருந்தார். பெயர்: கிருத்திகா. கீழே அவள் பேச வேண்டிய வசனங்கள். 'அத்தை, இன்னைக்கு நான் சமைக்கிறேன்.'

"இப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லையே அத்தை."

"ஆட்டத்துலயாவது சொல்லட்டுமேன்னுதான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் யார் சிரித்தது என்று இரண்டு பேருமே வேறுவேறாகச் சொல்கிறார்களாம்.

கோளாறு என்னவென்றால், புதிதாக ஆள் செய்வது எப்படி என்று ஜோசஃபினுக்குத் தெரியாது. கணவரின் ஃபோல்டரை நகலெடுத்து, பெயரையும் படத்தையும் வசனத்தையும் மாற்றிவிட்டார். உள்ளே இருந்த அடையாள வரியை மாற்றவில்லை, வீட்டையும் மாற்றவில்லை. ஆகவே ஆட்டத்தின் கணக்கில் கில்பர்ட்டும் கிருத்திகாவும் ஒரே ஆள். அது குழம்பிப்போய் மூடிக்கொண்டது.

[இந்த இடத்தில், ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது பற்றி அழகான பத்தி ஒன்று வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். கோளாறு ஃபைலில் இருந்தது, அவ்வளவுதான்.]

"என்னை எதுக்கு அத்தை இதுல போட்டீங்க?"

ஜோசஃபின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்குத் தனியா ஒரு வீடு குடுக்கலாம்னு பார்த்தேன். சந்தாபுராவுல பாக்கறீங்க இல்ல?"

கிருத்திகாவுக்கு முகம் சூடாகிவிட்டது. "டிரேவர் சொல்லிட்டானா?"

"அவன் எங்க சொல்வான்? பால்கனியில நின்னு புரோக்கரோட பேசறான். இங்க பால்கனியில பேசினா கிச்சன்ல கேக்கும்."

"கோவமா இருக்கீங்களா?"

"இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. அப்புறம் விடியறதுக்குள்ள நீ பஸ்ஸுக்கு ஓடறதை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். அதான், முதல்ல ஆட்டத்துல உங்களைத் தனிக்குடித்தனம் வெச்சுப் பார்ப்போம், எனக்குப் பழகிடும்னு நெனச்சேன். அதுவும் திறக்க மாட்டேங்குது."

கிருத்திகா அழுதாளா என்று அவளிடமே கேட்டேன். தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு, "வேலையைப் பார்த்தேன்" என்றாள்.

7

அடையாள வரியை மாற்றினாள். கில்பர்ட் கில்பர்ட்டாக ஆனார், அவள் அவளாக ஆனாள். பாக்கி இருந்தது வீடு. வரைபடத்தில் எங்கே என்று இரண்டு எண் கொடுக்க வேண்டும். வரைபடத்தைத் திறந்து வைத்தாள்.

"எங்க வைக்கட்டும் அத்தை?"

"இருக்கப்போறது நீ. நீயே சொல்லு."

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஜோசஃபினின் பண்ணையை ஒட்டி, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். படிக்க இதமாக இருக்கும். ஆனால் நிஜத்தில் அவள் மறுபடி விடியும் முன்னே பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டி வைக்கிறாள். சந்தாபுராவுக்கு அதுதான் பொருந்தும். எழுதும்போது எனக்கே ஜோசஃபின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மலைமேல், ஊர்க்காரர் யாரும் ஏறாத இடத்தில் வைக்கிறாள். புதிதாகக் கல்யாணமானவர்கள், இதிலும் தப்பில்லை.

கிருத்திகா எங்கே வைத்தாள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் எழுதப்போவதில்லை. எண்கள் இரண்டும் இங்கே காலியாகவே இருக்கின்றன: ( , ). உங்கள் அத்தையை, உங்கள் மருமகளை, உங்கள் பஸ்ஸை மனதில் வைத்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நிரப்பிவிட்டீர்களா? ஆட்டம் திறந்தது. இந்த முறை மூடிக்கொள்ளவில்லை. ஜோசஃபின் மவுஸை வாங்கி, தன் பண்ணையிலிருந்து கிளம்பி, நீங்கள் வைத்த வீட்டு வாசல்வரை நடந்து பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் தூரமில்லை" என்றார்.